கடல் தாண்டிய கூத்தும் களரி சேராத மானியமும்

உலக மேடைதான் தெருக்கூத்தைக் காப்பாற்றியது என்ற பேச்சு இப்போது கருத்தரங்குதோறும் கேட்கிறது. 2025இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகு அது இன்னும் உரத்துவிட்டது. அந்த விருது காலம் தாழ்த்தி வந்தது என்பதே என் எண்ணம். அவருடைய கூத்துக் குடும்பத்தின் உழைப்பு அதைவிடப் பெரியது. ஆனால் பாரிஸ் பார்த்ததால் கூத்து பிழைத்தது, ஆகவே இன்னும் நாலு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, விமானம் ஏற்றிவிட மானியம் கிடைத்தால் போதும் என்று அதிலிருந்து எடுக்கிற முடிவு தவறானது. சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் தவறு பளிச்சென்று தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கூத்தை உயிரோடு வைத்திருப்பது குடும்பத்துக்கு இவ்வளவென்று ஊர் போடும் தலைக்கட்டு வரி. கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கோடு வைக்கிற முன்பணம். விடியவிடியக் கண்விழிக்கிற ஜனம். எல்லை கடக்கும் கலைக்கென்று அரசுகள் ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கூத்து ஆடும் இந்தக் களரிகளை எட்டியதாக நான் அறியவில்லை.

அரசுப் பணம் கலைக்கு வந்த தொடக்கக் கதை தெரிந்ததுதான். 1950இல் அபுல் கலாம் ஆசாத்தின் முன்முயற்சியில் இந்தியக் கலாசார உறவுகள் கழகம், 1953இல் சங்கீத நாடக அகாதெமி, 1955இல் பின்னாளில் இயல் இசை நாடக மன்றமாக ஆன மாநில சங்கம். வெளிநாட்டுக்கு அனுப்பத் தமிழ்க் கலை என்றால் பரதமும் கர்நாடக சங்கீதமும்தான் என்ற முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைச் சென்னையில் பார்த்து நாடகாசிரியர் ந. முத்துசாமி அதிர்ந்ததும், 1977இல் அவரது கூத்துப்பட்டறை பிறந்ததும், அதே ஆண்டில் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய பயிற்சி முகாமும் தமிழ் நவீன நாடகத்தின் பாலபாடம். 1984இல் அகாதெமி இளம் இயக்குநர்களுக்கு நிதி தரத் தொடங்கியது. வேரைத் தேடும் நாடகத்துக்குப் பணம் உண்டு என்று ஆனதும் நகரத்துக் குழுக்கள் கூத்தின் அடவையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டன. எடுத்தவர்களில் முத்துசாமி போன்ற மேதைகளும் உண்டு. வெறுமனே சலங்கையைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

எனக்கு ஆறாத வருத்தம் நம் அரசு வெளிநாடுகளில் நடத்திய இந்திய விழாக்களின் காலத்தைப் பற்றித்தான். 1982இல் பிரிட்டன், 1985இல் அமெரிக்காவும் பிரான்ஸும், 1987இல் சோவியத் நாடு. இந்த விழாக்களுக்குப் பெரும் பொதுப்பணம் போனது. நாட்டுப்புறக் கலைஞர்கள் பலர் முதன்முதலாக விமானம் ஏறினார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைக் குறை, நேரத்தைக் குறை, புராணத்தில் வெளிநாட்டவருக்குப் புரிகிற கட்டத்தை மட்டும் வை என்கிற அச்சு அப்போதுதான் வார்க்கப்பட்டது. இன்றுவரை எந்த விழாக்குழுவும் அதை உடைக்கவில்லை. ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக் தம் மகாபாரதத்தை அவிஞ்ஞோனில் மேடையேற்றியதும் 1985இல்தான். இந்தியாவில் எடுத்ததற்கு ஈடாக அவர் என்ன கொடுத்தார் என்று நாடக விமர்சகர் ருஸ்தம் பரூச்சா கேட்ட கேள்வி நியாயமானது. அதே கேள்வியை நம் அரசின் விழாக்குழுக்களிடமும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அச்சுக்குள் அடங்காதது எது என்பதைத் திரௌபதி அம்மனுக்குப் பாரத விழா நடக்கிற ஊரில் நின்று பார்த்தால்தான் புரியும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் ஓடும். அர்ச்சுனன் தபசன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் பாட்டோடு ஒவ்வொரு படியாக ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்கிற பெண்கள் அவர் வீசும் எலுமிச்சைக்கும் பூவுக்கும் மடியேந்துவார்கள். கடைசி இரவு முடிந்து வெயில் ஏறும்போது படுகளம். ஊர்ப் பொட்டலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளம். இரவெல்லாம் ஆடிய வீமன் முகத்தில் அரிதாரம் வியர்வையோடு வழிய, சட்டி புதைத்த தொடையில் கதையால் அடிப்பார். சிவப்பு நீர் தெறிக்கும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிந்ததும் கூட்டத்தில் குலவை எழும். மாலையில் தீமிதி. நடிகர் எங்கே முடிகிறார், ஊர் எங்கே தொடங்குகிறது என்று அந்த நேரத்தில் யாராலும் பிரிக்க முடியாது. ஒன்றரை மணி நேர மேடைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? ஆட்டத்தைக் கொண்டுபோகலாம், பாட்டைக் கொண்டுபோகலாம், கல்யாண முருங்கையில் செதுக்கிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோகலாம். ஊரைக் கொண்டுபோக முடியாது.

இனி பாரிஸ். அரியான் முனுஷ்கினின் தெயாத்ர் துய் சொலேய் 1964இல் தொடங்கிய குழு. பிரெஞ்சு அரசின் மானியத்தில் இயங்குவது. 2015 முடிவில் அவர் புதுச்சேரியின் இந்தியனோஸ்ட்ரம் நாடக அரங்கில் நாடோடிப் பள்ளி நடத்தினார். குழு புதுவைக்கு வந்து தங்கியது. சம்பந்தன் அவர்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்தார். 2016 நவம்பரில் பாரிஸின் வான்சேன் காட்டில் உள்ள பழைய தோட்டாத் தொழிற்சாலை அரங்கில் அதிலிருந்து பிறந்த நாடகம் அரங்கேறியது. இந்தியாவில் ஓர் அறை என்பது அதன் பெயரின் பொருள். துகிலுரிதலையும் கர்ணன் சாவையும் தமிழிலேயே பாடி ஆடினார்கள். 2017இல் நியூயார்க்கும் போனது. நான் அறிந்தவரை வெளிநாட்டவர் கூத்தோடு கொண்ட உறவுகளில் இதுவே நேர்மையானது. தேடி வந்தார்கள், தங்கினார்கள், வாத்தியாரிடம் உடம்பைக் கொடுத்துக் கற்றார்கள், அவர் பெயரை மறைக்கவில்லை.

இந்த வெற்றியைக் காட்டித்தான் மேற்சொன்ன வாதம் நடக்கிறது. ஆனால் அதைச் சாத்தியமாக்கிய பணம் யாருடையது? பிரெஞ்சு வரிப்பணம். தன் நாட்டுக் குழு ஒரு பிரெஞ்சு நாடகம் செய்ய அந்த அரசு செலவிட்டது, சரியாகவே செலவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அதற்கு இணையாக ஒரு நிதி வந்து, தென்னாற்காட்டு ஜமா ஒன்று அந்த உறவிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள வழி செய்யப்படவில்லை. முனுஷ்கினிடம் குறை காண இதில் ஒன்றுமில்லை. குறை நம்முடையது.

வெளிநாட்டுக் கொடை பற்றிய நம் சட்டம் இன்னும் இறுக்கமானது. வெளிநாட்டுக் கொடை பெற ஒரு சங்கம் மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் தன் நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் திறந்த கணக்கில்தான் வந்து விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, கொடை பெற்ற அமைப்பு அதில் ஒரு பங்கை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. அதற்கு முன்னால் சென்னை அமைப்பொன்று நிதி பெற்றுக் கிராமத்து ஜமாவுக்குப் பிரித்துக் கொடுக்க ஓரளவு இடமிருந்தது. அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. செய்த வேலைக்கான ஊதியத்தைச் சட்டம் கொடையாகக் கருதுவதில்லை. ஆக, கூத்தர் வெளிநாட்டில் ஆடிச் சம்பளம் வாங்கி வரலாம். அதே நாட்டிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு பள்ளி கட்டப் பணம் பெறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆட்டத்தை விற்கலாம், வளர்க்க உதவி கேட்க முடியாது என்ற நிலை எந்தக் கலைக்கும் நல்லதல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். 2021 முதல் 2027 வரைக்குமான அதன் கிரியேட்டிவ் யூரோப் திட்டத்துக்குச் சுமார் 244 கோடி யூரோ. அதில் கூட்டுத் திட்டங்களுக்குச் சிறிய பிரிவில்கூட மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகள் சேர்ந்து கேட்டாக வேண்டும். இரண்டு லட்சம் யூரோ வரை கிடைக்கும், செலவில் எண்பது விழுக்காட்டை ஒன்றியமே ஏற்கும். தனியாகக் கேட்டால் கிடையாது, சேர்ந்து கேட்டால் உண்டு என்பதுதான் அதன் சாரம். அங்கே ஒரு சின்ன ஊர்க்குழுவுக்கும் அண்டை நாட்டில் ஒரு கூட்டாளி கிடைப்பதற்கு இந்த நிபந்தனையே காரணம். தெற்காசியாவில் இதற்கு நிகராக ஒன்றுமில்லை. சார்க் பண்பாட்டு மையம் 2009 முதல் கொழும்பில் இருக்கிறது. கூட்டுப் படைப்புக்குப் பணம் தரும் பெட்டி அதனிடம் இல்லை. 1998 டிசம்பரில் இரு அரசுகளும் ஒப்பமிட்டு அமைத்த இந்திய–இலங்கை அறக்கட்டளை உண்டு. பண்பாட்டுத் திட்டங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அப்படியொன்று இருப்பதே இங்கே ஆடுகிறவர்களுக்கும் ஆட வைக்கிறவர்களுக்கும் தெரியாது. பெரிய பணம் கட்டடத்துக்குப் போயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் சுமார் 1.2 கோடி டாலர் இந்திய நன்கொடையில் எழுந்த பண்பாட்டு மையம் 2023இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 முதல் திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அழகான அரங்கம். அதில் யார், யாரோடு சேர்ந்து, எத்தனை மாதம் ஒத்திகை பார்ப்பது என்பதற்கு நிதி ஒதுக்குவது கட்டடம் கட்டுவதைவிட மலிவு. அதைத்தான் யாரும் செய்யவில்லை.

பொதுப்பணத்தைக் கூத்துக்கு எப்படிச் செலவிடுவது என்று தெரிந்த ஒருவர் தமிழில் இருந்தார். தமிழ்நாட்டு நாடக வரலாறுகள் அவரை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது அவர் கையில் இருந்தது சொற்பப் பணம். கொழும்பு மேடைகளுக்கு அதைக் கொட்டாமல் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போனார். கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரைக் கூட்டினார், போட்டிகள் வைத்தார், ஏட்டில் கிடந்த பிரதிகளை அச்சேற்றினார். அலங்காரரூபன் நாடகம் 1962இல், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இல். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்து வந்தார். 1962இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார்.

வித்தியானந்தனும் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கினார்; அதற்காக அவரைக் கண்டித்தவர்கள் உண்டு. கண்டனத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. அவர் மேடைக்காகச் சுருக்கிய அதே ஆண்டுகளில் ஊர்க்களரிக்கும் பணம் போயிற்று, அண்ணாவியாருக்கு ஆசிரியர் என்ற நிலை கிடைத்தது, பிரதி நூலாக ஊர் திரும்பியது. இந்திய விழாக்கள் சுருக்கின. ஊருக்கு ஒன்றும் திரும்பவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த நாம் அந்த முன்மாதிரியை அன்றும் கற்கவில்லை, இலங்கையில் போர் முடிந்த பிறகும் கற்கவில்லை.

கற்க வேண்டிய காரணம் நம் பகுதிக்குத்தான் அதிகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. அரவான் களப்பலிக்கு உலகமே கேமராவோடு வருகிறது. இதே திரௌபதி வழிபாடு கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் பதினெட்டு நாள் விழாவாக, தீமிதியோடு நடக்கிறது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் பாரதக் கதைகள் வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் முழங்க ஆடப்படுகின்றன. நம் ஜமாவில் முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம். இரு பக்கமும் பாஞ்சாலி சபதம் உண்டு, பாட்டும் அடவும் வேறு. இந்த இரு மரபின் ஆட்டக்காரர்களும் ஒரே களரியில் ஒரு பருவம் முழுவதும் வேலை செய்தால் இரண்டும் என்ன ஆகும் என்பது எனக்குப் பாரிஸைவிடப் பெரிய கேள்வி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் மறுபடி கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. பயணச் செலவு தடையில்லை.

தமிழ்நாடு அரசுக்கு இப்படிச் செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை 2023இல் தொடங்கி, தமிழ் நூல்களை வேற்று மொழிகளில் கொண்டுவர மொழிபெயர்ப்பு மானியம் ஏற்படுத்தியது. 2025 காட்சியில் 1,125 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அத்தனையும் நூலாகுமா என்ற ஐயம் இருக்கட்டும். எல்லை கடக்கும் பண்பாட்டுக்கு ஒரு மாநில அரசு துணிந்து பணம் போட்ட அருமையான முன்மாதிரி அது. 2021இல் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மூடாமலிருக்க ஒரு கோடிக்கு மேல் கொடுத்ததும் இதே அரசுதான். ‘வேர்களைத் தேடி’ திட்டத்தில் அயலக இளைஞர்களை அழைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறது. நூலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சுற்றுலாவுக்கும் திறந்த கை, பாடி ஆடுகிறவனிடம் வரும்போது மட்டும் ஏன் விழா மேடையின் பத்து நிமிடத்தோடு நின்றுவிடுகிறது?

நான் கேட்பது ஜமாவின் பெயரில் தரப்படும் மானியம். வாத்தியார் ஒருவருக்குச் சால்வையும் பரிசும் தருவதால் பெட்டி தூக்குகிறவரும் பின்பாட்டுக்காரரும் பிழைக்க மாட்டார்கள். கூத்துப் பருவத்தை அறிந்து அது வர வேண்டும். நிதியாண்டு பங்குனியில் முடிகிறது; பணமும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும் கடிதமும் அந்த மாதத்தில்தான் சேர்ந்து வந்து நிற்கும். வாத்தியாரோ அப்போது ஊர் ஊராகத் தினமும் ஆடிக்கொண்டிருப்பார். ஐப்பசியில் பணம் தந்தால் மழைக்காலத்தில் ஒத்திகை பார்க்கலாம். மட்டக்களப்பு அண்ணாவியார் ஒருவரும் மத்தளக்காரர் ஒருவரும் கார்த்திகையில் வந்து நைனார்பாளையம் பக்கத்து ஜமாவோடு தங்கட்டும். மாசியில் களரி தொடங்கும்போது அவர்களும் ஆடட்டும், படுகளம்வரை இருக்கட்டும். மறு ஆண்டு இங்கிருந்து இருவர் பாண்டிருப்புக்குப் போகட்டும். தங்கும் மாதங்களில் ஊரில் அவர்கள் இழக்கும் வருமானத்தையும் மானியமே ஈடுகட்ட வேண்டும்; எந்த விண்ணப்பப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் தாராளமாக வரட்டும். வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, விடியும்வரை பார்க்கட்டும்.