பின்னல் மாதிரி: ஒரு பிரதியின் பிரச்னை

பழைய பின்னல் மாதிரிகளைச் சேர்ப்பவர்களைப் பற்றி ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்டார். பதிலாக ரிச்சர்ட் ரட்டின் பெயரைச் சொன்னேன். ரட் இங்கிலாந்துத் திருச்சபையின் பாதிரியார். 1954ல் கொரியாவுக்குப் போனவர், அங்கே பிஷப்பாகி, 1974ல் திரும்பினார். ஸிஜோ என்ற கொரியக் குறுங்கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1971ல் 'மூங்கில் தோப்பு' என்று ஒரு தொகுப்புப் போட்டார். பிறகு லெஸ்டரில் பிஷப்பாக இருந்தபோது, 1987ல், 'கைப்பின்னலின் வரலாறு' என்ற புத்தகத்தை எழுதினார். தானே பின்னவும் தெரிந்தவர். கவிதை மொழிபெயர்ப்பை ஒரு பெரிய காரியமாகவும் பின்னலை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் பிரித்து வைப்பது நம் பழக்கம். ரட்டிடம் அந்தப் பிரிவினை செல்லாது என்று எனக்குப் படுகிறது. இரண்டு இடத்திலும் அவருக்கு எதிரே இருந்தது ஒரே பிரச்னைதான்: எழுதப்பட்ட ஒன்று, அது எழுதப்பட்ட கையையும் காலத்தையும் இழந்த பிறகு, எப்படி மறுபடி உயிர் பெறுவது?

என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பின்னல் மாதிரி என்று நான் சொல்வது, கம்பளி நூல் கம்பெனிகள் சில பென்னி விலையில் விற்ற மடிப்புத் தாள்களையும், பெண்கள் பத்திரிகைகளின் நடுப்பக்கங்களில் வந்தவற்றையும். மேலே சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் போட்டோ. கீழே, இத்தனை கண் ஏற்று, இத்தனை நேர், இத்தனை மறு, வரிசை முடியும்வரை இப்படியே. (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் எங்கள் வீட்டில் கண் என்றுதான் சொல்வார்கள், வலைக்கண் போல.) வாசிக்க இதைவிட வறண்ட பிரதி கிடையாது. ஆனால் சும்மா வாசித்துப் போவதற்காக இது எழுதப்படவும் இல்லை. கை செய்து முடித்த பிறகே இதற்கு அர்த்தம் வருகிறது. அந்த வகையில் இது ஸ்வரப்படுத்திய கீர்த்தனைக்கு நெருக்கமானது.

1930களின் மாதிரி ஒன்றை இன்று கையில் எடுப்பவருக்கு நேர்வதைப் பார்க்கலாம். ஊசி எண் 8 என்று போட்டிருக்கும். பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது 4 மில்லிமீட்டர் தடிமன், எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் அதே 8 என்பது 5 மில்லிமீட்டர், அங்கே எண் ஏற ஏற ஊசி தடிக்கும். குறிப்பிட்ட நூலோ பல தலைமுறைகளுக்கு முன்பே நின்று போயிருக்கும். மாதிரியில் ஒரு அங்குலத்துக்கு 8 கண் வரவேண்டும் என்றிருந்தால், 34 அங்குல மார்புக்கு 272 கண். இன்று கடையில் கிடைக்கும் சற்றே தடித்த நூலில் அங்குலத்துக்கு 7தான் வருகிறது என்று வையுங்கள். அதே 272 கண், ஒரு எழுத்துப் பிசகாமல் மாதிரியைப் பின்பற்றிய அதே உழைப்பு, கிட்டத்தட்ட 39 அங்குலத்தில் வந்து நிற்கும். வார்த்தைக்கு வார்த்தை விசுவாசமாக இருந்தவருக்குக் கிடைப்பது யாருக்கும் பொருந்தாத ஒரு சட்டை. நம்முடைய கவிதை மொழிபெயர்ப்புகளில் பாதி இப்படிப் பின்னப்பட்டவை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஜேன் வாலர் 1920, 30, 40களின் பத்திரிகை மாதிரிகளைத் திரட்டி 1972ல் ஒரு புத்தகம் போட்டார். அதே புத்தகத்தை 2008ல் ஸூஸன் க்ராஃபோர்டுடன் சேர்ந்து மறுபடி கொண்டுவந்தபோது, மாதிரிகளை இன்று கிடைக்கும் நூலில் பின்னிப் பார்த்து, பல உடல் அளவுகளுக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். முதலில் இதை ஒரு துரோகமாகவே நினைத்தேன். மூலத்தில் கைவைக்க இவர்கள் யார்? இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் காலத்து மாதிரிகளில் பெரும்பாலானவை 32 அல்லது 34 அங்குல மார்புக்கு, ஒரே ஒரு அளவில் எழுதப்பட்டவை. அதைத் தொடாமல் காப்பாற்றினால் காப்பாற்றப்படுவது தாள்தான். ஆனால் மாற்றும்போது தொலைவதும் உண்டு. 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன், இரண்டு அவுன்ஸுக்கு ஒன்று. அந்த வருஷங்களின் மாதிரிகளில் சட்டை இடுப்போடு நின்றுவிடும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, மிச்ச மீதி நூல்களைக் கோடுகளாகவும் ஃபேர் ஐல் பூக்களாகவும் ஓட்டச் சொல்லும். இன்று பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும் அந்த வண்ணக்கோடு, நூல் போதாமல் வந்தது. இன்றைய கடையில் பத்து நிறங்களில் புது நூல் வாங்கி அதைப் பின்னுகிறவருக்கு அழகு கிடைத்துவிடுகிறது, போதாமை கிடைப்பதில்லை. இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. மாற்றுகிறவர் குறைந்தபட்சம் இதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

இதைவிட மோசமான ஒரு வகைச் சேகரிப்பாளர் உண்டு: அர்த்தம் சேர்ப்பவர். ஹைன்ஸ் எட்கர் கீவே, ஆக்ஸ்ஃபோர்டில் நூல் வியாபாரம் செய்தவர், 1936ல் டப்ளினில் அரன் தீவுகளின் வெள்ளை ஜெர்சி ஒன்றைக் கண்டெடுத்தார். அதை அவர் மேரி தாமஸுக்குக் காட்ட, 1943ல் வந்த அந்த அம்மையாரின் மாதிரிப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. இதுவரை நல்ல காரியம். ஆனால் கீவேக்கு அந்த முறுக்குகளில் கெல்ஸ் சுவடியின் சித்திரப் பின்னல் தெரிந்தது, பழங்காலத் துறவிகள் தெரிந்தார்கள். 1967ல் 'பின்னலின் புனித வரலாறு' என்றே ஒரு புத்தகம் போட்டார். வியாபாரிகளுக்குக் கேட்கவா வேண்டும்? கயிறு போன்ற முறுக்கு மீனவனின் கயிறு, தேன்கூடு உழைப்பு, வைரக்கட்டம் செல்வம், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பின்னல், கடலில் மூழ்கியவனை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்று விலைச்சீட்டோடு கதையும் தொங்க ஆரம்பித்தது. கோலப்புள்ளியில் பிரபஞ்ச ரகசியம் காண்கிற நம்மவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான வியாதி இல்லை.

ரட் இதை நிதானமாக, சத்தம் போடாமல் உடைத்தார். அரன் ஜெர்சி என்று நாம் அறிவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன் போகாது என்பது அவர் முடிவு. கவிதையில் இல்லாத தத்துவத்தை அடிக்குறிப்பில் ஏற்றுகிறவர்களைப் பார்த்துப் பழகிய மொழிபெயர்ப்பாளனின் பொறுமை அதில் தெரிகிறது.

மூழ்கியவனின் கதைக்கு ஒரு இலக்கிய ஊற்று உண்டு: 1904ல் மேடையேறிய ஸிங்கின் 'கடலுக்குச் செல்வோர்'. அங்கே வருவது குலச்சின்னம் எதுவும் இல்லை, ஒரு காலுறை. தங்கை அதைக் கண் எண்ணி அடையாளம் காண்கிறாள். தான் எத்தனை ஏற்றினோம், அதில் எத்தனை நழுவவிட்டோம் என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நழுவியது நாலு. அண்ணன் இறந்தான் என்பதை அவளுக்குச் சொல்வது அவளுடைய சொந்தப் பிழை. இத்தனை ஸ்தூலமான, இத்தனை ஈரமான ஒரு விஷயத்தை எடுத்துக் குலச்சின்னமாகவும் புனிதக் குறியீடாகவும் ஆக்கியவர்களுக்கு ரஸனை என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது.

இனி என் நோட்டு. குன்னூரில் இருந்த என் அத்தையுடையது. அத்தைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான். பக்கத்து வீட்டுக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகைகளை இரவல் வாங்கி, மாதிரிகளைத் தமிழில் பெயர்த்து வைத்திருந்தாள். நேருக்கு 'நே', மறுவுக்கு 'ம'. இடையிடையே தலைகீழாக ஒரு 'ட'. இதைப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன், ஜேன் கோகேன் என்ற எடின்பரோ கடைக்கார அம்மாள் 1840ல் போட்ட புத்தகத்தைப் பற்றித் தெரியவரும்வரை. அவரும் எழுத்துக்களையும் தலைகீழ் எழுத்துக்களையும் வைத்துத்தான் தமக்கென ஒரு லிபி அமைத்துக்கொண்டார். அந்த நூற்றாண்டில் ஆளுக்கொரு லிபி, ஒரே கண்ணுக்கு ஆளுக்கொரு பெயர். ரட் சேர்த்த அத்தகைய பழைய புத்தகங்கள் இன்று வின்செஸ்டர் கலைப்பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. பலவற்றைப் படமெடுத்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். கிளாடிஸ் தாம்ப்ஸன் இன்னும் ஒரு படி மேல். மாதிரி என்று தாளில் எதுவும் இல்லாத இடத்தில், கடலோர மீனவர்களின் உடம்பிலிருந்த ஜெர்சிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பின்னும் முறையோடு 1955ல் அச்சில் கொடுத்தார்.

நான் செய்தது வேறு. அத்தை போன பிறகு, அவளிடம் பின்னக் கற்ற ஒரு அம்மாள் வந்து, நோட்டை இரண்டு நாள் கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று கேட்டார். தாள் உதிர்கிறது, கைமாறினால் போய்விடும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஒரு மடையனின் ஜாக்கிரதை. அந்தத் தலைகீழ் 'ட' என்ன என்று அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதை நான் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் அவர் இல்லை.

போன மார்கழியில் என் மகளிடம் நோட்டைக் கொடுத்தேன். குழந்தைத் தொப்பி ஒன்றை எடுத்தாள். தலைகீழ் 'ட' என்பது இரண்டு கண்ணை ஒன்றாக்குவது என்று வைத்துக்கொண்டு பின்னினாள். எட்டு வரிசை சரியாக வந்தது. ஒன்பதாவதில் ஒரு கண் மிஞ்சுகிறது. பிரித்துவிட்டு, வேறு ஏதோ அர்த்தம் வைத்து மறுபடி ஏற்றியிருக்கிறாள்.