மலைப்பாதையில் பழைய பென்ஸ்

மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 123 வரிசை 1976 ஜனவரியில் வெளிவந்தது. பத்தாண்டுகளில் ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் அந்த வரிசையில் உருவாயின. அதன் இடத்துக்கு வந்த டபிள்யூ 124, 1984 இறுதியில் அறிமுகமாகித் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை தயாரிப்பில் இருந்தது. இலங்கை மலையகத்தில் ‘பழைய பென்ஸ்’ என்று சொன்னால் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் குறிக்கும். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு நாட்டுக்குள் வந்து, கொழும்பில் கை மாறி, பிறகு மலையேறிய கார்கள் பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், கொட்டிலில் தார்ப்பாய்க்குள் உறங்கிய பல கார்களுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது.

இருப்பதை வைத்து ஓட்டும் பழக்கம் இங்கே புதிதல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற ஹம்பர், ஆஸ்டின், வோல்ஸ்லி கார்களுக்குப் பாகங்கள் கிடைக்காமல், கடைசல் இயந்திரத்தில் செய்து மாட்டிய காலம் அது. தோட்டத்து ‘ஸ்டோர்’ என்று மக்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுதுபார்த்த கைகளுக்கு அந்த வேலை அந்நியமாகத் தோன்றவில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பழைய காரின் போனட்டைத் திறக்கும் மெக்கானிக் பாஸ்மாரின் பொறுமை அந்தக் காலத்துப் பாடத்திலிருந்து வந்தது.

மலைக்கு ஏற்ற பென்ஸ் என்றால் டீசலில் ஓடும் 240டி-யை முதலில் சொல்ல வேண்டும். நாலு சிலிண்டர், 2.4 லீற்றர், முதலில் 65 குதிரைவலு, 1978இலிருந்து 72. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினில் வலுவும் அதே அளவுக்குக் குறையும். 72 குதிரைவலு 58ஐ ஒட்டி இறங்கிவிடும். அவிசாவளையில் சுத்தமாக ஓடிய கார் நானுஓயா ஏற்றத்தில் கருமையாகப் புகைத்தால், உடனே டீசல் பம்பைக் கழற்றுவது அவசரம். காற்று குறைந்த உயரத்தில் அதே அளவு டீசல் முழுதாக எரியாது. காரைக் கீழே கொண்டுபோய், எஞ்சின் சூடேறிய பிறகு பார்த்தாலும் புகை நிற்கவில்லையானால் அப்போதுதான் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் அது தானாகச் சரியாவதில்லை. ஏறக்குறைய 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில், உள்வால்வுக்கு 0.10 மில்லிமீற்றர், வெளிவால்வுக்கு 0.30 மில்லிமீற்றர் என்று வைக்க வேண்டும். மூடியைத் திறந்து, வளைந்த 14 எம்.எம். ஸ்பானர்கள் இரண்டை ஒன்றுக்கொன்று எதிராகப் பிடித்து, நடுவில் ஃபீலர் தகட்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். தகடு வழுக்கிக்கொண்டு வரவும் கூடாது, சிக்கவும் கூடாது; வெண்ணெயில் கத்தி போவது போன்ற ஒரு மெல்லிய பிடி விரலில் தெரிய வேண்டும். வால்வு நாளாக நாளாக இருக்கைக்குள் அமிழ்வதால் இந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ‘எஞ்சின் இப்போது சத்தமே இல்லை’ என்று சொந்தக்காரர் மகிழும் வேளையில் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் கசிந்துகொண்டிருக்கக்கூடும். நல்ல 240டி குளிரில் சற்றே டிக்டிக்கென்று பேசும். அந்த ஒலியைப் பழகிய காது, வேலை சரியா தப்பா என்பதைக் கேட்டே சொல்லிவிடும்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவின் புல்வெளியில் உறைபனி விழும். அந்தக் காலையில் பழைய டீசல் காரை எழுப்புவது தனிக் கலை. 1980 வரை வந்த கார்களில் க்ளோ பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று எரிந்துபோனால் நாலுமே குளிர்ந்துவிடும். சூடேற அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்வந்த எஞ்சின்களின் பென்சில் வடிவப் பிளக்குகள் தனித்தனியே இணைந்தவை, சில நொடிகளில் சூடாகுபவை. பழைய கார் ஒன்றைப் பின்னைய முறைக்கு மாற்றுவது, மலையில் வாழும் 123க்குச் செய்யத்தக்க முதல்தரமான மேம்பாடு. காரின் குணம் மாறாது. அதன் காலைப்பொழுது மட்டும் எளிதாகும்.

ஏற்றத்தில் அடுத்த கவலை சூடு. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் முழுப் பாரத்தில் உழைக்கும், எதிர்க்காற்றோ இருக்காது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே அது கொதிக்காமல் இருக்கிறது. மிகச் சிறிய செலவில் மாற்றக்கூடிய அந்த மூடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கார்களின் ரேடியேட்டரில் மேல்குழாய் சேரும் கழுத்து பிளாஸ்டிக்கால் ஆனது. முப்பதாண்டுச் சூட்டில் அது பிஸ்கற்றைப் போலாகி, ஒரு நாள் குழாயோடு ஒடிந்து வந்துவிடும். நிறம் மங்கி, மயிரிழை வெடிப்பு தெரியும் கழுத்தைக் கண்டால் மலையேறும் முன் ரேடியேட்டரையே மாற்றிவிடுவதுதான் புத்தி. துருத்தடுப்பு கூலன்ட்டுக்குப் பதிலாக ஓடைத் தண்ணீர் ஊற்றி வந்த காருக்கு எஞ்சினின் உட்பக்கத்தையும் அலசித்தான் ஆக வேண்டும்.

ஏற்றம் எஞ்சினைச் சோதிக்கிறது என்றால் இறக்கம் முழுக் காரையும் சோதிக்கிறது. பென்ஸின் சொகுசு எது என்பது அங்கேதான் விளங்கும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையில் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,400 மீற்றர். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது, ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி எங்கேயாவது போய்த் தீர வேண்டும். தாழ்ந்த கியரில் எஞ்சின் ஒரு பங்கை ஏற்கும். மிச்சம் பிரேக் தகடுகளில் வெப்பமாகும். 123க்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு. தகடும் கேலிப்பரும் சரியாக இருந்தால் அவை இந்த வேலைக்குப் போதும். தவறு வழக்கமாகப் பிரேக் எண்ணெயில் இருக்கும். டொட் 4 எண்ணெய் புதிதில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளைப் பக்கத்தில் இருக்கும் காருக்கு ஆண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றுவது மிகையில்லை. பெரிய டிஸ்க், பந்தயப் பேட் என்று செலவழிக்கும் முன் ஒரு போத்தல் புது எண்ணெயும், ஒட்டாமல் நகரும் பிஸ்டன்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

வளைவுகளில் காரின் நிதானம் இறப்பரில் இருக்கிறது. பின்சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேமின் மவுண்ட்டுகள், சஸ்பென்ஷன் கைகளின் புஷ்கள், புரொப்பெலர் தண்டில் இருக்கும் வட்ட இறப்பர் இணைப்பு, ஸ்டியரிங் டாம்பர் ஆகியவற்றைச் சாலை நிதானமாகத் தின்றுவிடும். கல் பதித்த தோட்டப் பாதையில் ஓடிய கார் என்றால் இன்னும் விரைவில். ஒரேநாளில் எதுவும் கெடாததால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. ‘பழைய கார் இப்படித்தான் அலையும்’ என்று பழகிவிடுகிறார். புஷ்களையும் ஷொக் எப்சோபர்களையும் ஒரே முறையில் மாற்றி, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கும் போலிகளை விலக்கி, லெம்ஃபோர்டர், பில்ஸ்டைன், சாக்ஸ் போன்ற பெயருள்ள பாகங்களைப் போட்டால், அதே கார் தலவாக்கலை வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் குலுங்காமல், ஒரே மூச்சில் திரும்பிவிடும். 124இன் பின்சக்கரத்துக்கு ஐந்து கைகள். அவை புதிதாக இருக்கும்போது அந்தக் காருக்கு ஈடான நிதானம் இன்றைய பல புதிய கார்களிலும் இல்லை. இங்கே 17 அங்குல அலோய் சக்கரமும் மெல்லிய டயரும் போடுவது பொறியாளர் நினைத்ததையெல்லாம் அழித்துவிடும். 123க்கு 14 அங்குலம், 124க்கு 15 அங்குலம், உயரமான பக்கச் சுவருள்ள டயர்: தோட்டத்துக் குழிக்கு அதுதான் மெத்தை.

மலைக்குத் தேவையான மேம்பாடுகளில் பாதி ஏற்கெனவே காருக்குள் இருக்கின்றன, செயலிழந்து கிடக்கின்றன. விளக்குத் திருகியை ஒரு படி வெளியே இழுத்தால் முன்பக்க மூடுபனி விளக்கு எரியும். இன்னொரு படி இழுத்தால் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கூர்மையாக எரியும். கொழும்பில் வாழ்ந்த காரில் இந்தக் கம்பிகளை யாரோ எப்போதோ வெட்டியிருக்கக்கூடும். ரம்பொடைக்கு மேலே பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் பேருந்தின் முகம் தெரியாத நாளில், அந்தச் சிவப்பு விளக்கு பின்னால் வரும் லொறிக்குச் சொல்லும் செய்தி பெரிது. முன்விளக்குக்கு ரிலே போட்டு மின்கலத்திலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்தால், பழைய சுவிட்சில் வீணாகும் மின்னழுத்தம் மிஞ்சும். அசல் பல்பே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசிக்கும்.

ஹீட்டரின் கதையும் அதுவே. சமவெளி வெயிலில் யாருக்கும் வேண்டாத பொருள் என்று, கசிந்த குழாயைச் சரிசெய்யாமல் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே ஒதுக்கியிருப்பார்கள். கந்தப்பளைக் குளிரில் கண்ணாடி உள்ளே வியர்க்கும்போது அதன் அருமை தெரியும். குழாயை மீட்டு, வால்வின் சவ்வை மாற்றி, ஏசியையும் சேர்த்து ஓடவிட்டால், ஏசி ஈரத்தை உறிஞ்ச, ஹீட்டர் சூடாக்க, ஓரிரு நிமிடத்தில் கண்ணாடி தெளியும். 124இன் ஒற்றை வைப்பரும் இவ்வகை. ஒரே கை, ஓட்டத்தில் நீண்டும் சுருங்கியும் கண்ணாடியின் 86 விழுக்காட்டைத் துடைக்கும். அதன் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் காய்ந்துவிட்டால் கை தடுமாறி முனகும். பிரித்துக் கிரீஸ் வைக்க அரை நாள் போதும். மலைமழைக்கு அதைவிடப் பொருத்தமான அரை நாள் வேலை வேறில்லை.

துரு இந்தக் கார்களின் மெய்யான எதிரி. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுவழியில் சைப்பிரஸ் இலையும் பாசியும் அடைத்துக்கொள்ள, வடிய வழியில்லாத மழைநீர் உள்ளே இறங்கும். கதவின் அடித்துளை, ஜாக்கி வைக்கும் இடம், முன்மட்கார்டின் பின்பக்கம், ஸ்பெயர் டயர் குழி, கண்ணாடியைச் சுற்றிய இறப்பரின் கீழ் ஆகியவற்றை மழைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். டிங்கரிங் செய்து பூசி மறைத்த துரு இரண்டு மழையில் குமிழாக எழும். அழுகிய தகட்டை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, உட்குழிக்கு மெழுகு அடித்தால் அது நிற்கும். 1990களின் முற்பகுதி 124களில் இன்னொரு குறை: எஞ்சின் கம்பிகளின் உறை சூட்டில் உதிர்ந்து கம்பி வெறுமையாகிவிடும். எஞ்சின் காரணமின்றித் தடுமாறினால் முதலில் அந்தக் கம்பிக் கட்டைத்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

ஜப்பானிய டீசல் எஞ்சினைப் போட்டால் செலவு குறையும் என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. ஆனால் காரின் எடை, கியர் விகிதம், மவுண்ட், சத்தம் எல்லாமே அந்த எஞ்சினைச் சுற்றி அமைந்தவை. எஞ்சின் போனால் பென்ஸின் பெயர்ப் பலகை மட்டுமே மிஞ்சும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றும் அலைச்சலும் சேரும். அசல் எஞ்சினுக்கு இன்றும் பாகங்கள் உண்டு. மெர்சிடிஸே ஜெர்மனியின் ஃபெல்பாக்கில் 1993இல் பழைய கார்களுக்கென்று கிளாசிக் நிலையம் தொடங்கியது.

வேலை முடிந்த காரை அனுபவமுள்ள பாஸ் ஹட்டனிலேயே ஒப்படைப்பதில்லை. நுவரெலியா வரை ஏற்றி, கம்பளைக்கு இறக்கி, மீண்டும் ஏற்றிப் பார்ப்பார். இடதுபக்க முள் ஒன்றில்தான் அவர் கண் இருக்கும், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளில். நன்றாகச் சூடேறிய எஞ்சின் சும்மா நிற்கும்போது அது இறங்கலாம், தப்பில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியதும் தாமதிக்காமல் மூன்று பாருக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ரம்பொடை உச்சியில் ஓரமாக நிறுத்தி, பனிக்கு நடுவே அவர் மூன்று நான்கு முறை அழுத்திப் பார்த்து, முள் ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நின்றதும் போனட்டைத் திறக்காமலேயே திரும்பிவிடுவார்.