குருவி இருக்கிறது, பறை எங்கே?

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிக் குறுங்கவிதை எழுதுகிறவர்கள் கூடிக்கிட்டே போகிறார்கள். சுருளி அருவி, போடிமெட்டுப் பனி, திராட்சைப் பந்தலில் வந்து உட்காரும் குருவி, அடுப்படியில் அம்மா. மூன்று வரி, நாலு வரி. படிக்க நல்லாத்தான் இருக்கிறது. பத்துக் கவிதை படித்த பிறகு ஒரு கேள்வி வருகிறது: இந்தப் பள்ளத்தாக்கில் யாருமே வேலைக்குப் போவதில்லையா?

இவர்கள் மரபு என்று சொல்லிக்கொள்வது இரண்டு. ஒன்று ஜப்பானிய ஹைக்கூ. 1916இல் பாரதி சுதேசமித்திரனில் அதை அறிமுகப்படுத்தினார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' தனித் தொகுப்பாகவே வந்தது. இன்னொன்று சங்கத் திணை. திணையைச் சொல்கிறவர்கள் தொல்காப்பியத்தை முழுசாகப் படிக்க வேண்டும். அது எண்ணுகிற கருப்பொருளில் மரமும் பறவையும் மட்டுமா இருக்கின்றன? உணவு இருக்கிறது, செய்கிற தொழில் இருக்கிறது, பறை இருக்கிறது. நம் கவிஞர் மரத்தையும் பறவையையும் எடுத்துக்கொண்டு, தொழிலையும் பறையையும் கீழே போட்டுவிட்டார். அன்று எல்லாத் திணைக்கும் சொல்லப்பட்ட பறை, பின்னால் ஒரு சாதியின் தலையில் இழவு வேலையாகக் கட்டப்பட்டது. அதனால் இதைச் சொற்சிக்கனம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எது சிந்த வேண்டும், எது மிஞ்ச வேண்டும் என்று இங்கே சாதிதான் முடிவு செய்கிறது.

ஜூனில் பெரியாறு அணை திறந்தால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். கவிதையில் இது 'பச்சை' என்ற ஒரு சொல். அந்தப் பச்சையில் பட்டா யாருக்கு, நடவுக்கூலி யாருக்கு என்பது சொல்லுக்குள் வருவதில்லை. அடுப்படி அம்மாவும் அப்படித்தான். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துச் சேரி அம்மாக்கள் விடியக் கருக்கலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். பிள்ளை கண் முழிக்கிறபோது அம்மா மலையில் இருப்பாள். குடும்பம் என்று எழுதுகிறவருக்கு இந்த வீடு தெரிய வேண்டாமா?

நம் தோழர்கள் சிலர், "இயற்கைக் கவிதையெல்லாம் வயிறு நிறைஞ்சவன் சோலி, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இதையும் ஏற்க முடியாது. மிசிசிப்பியில் குத்தகை விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், 'நேட்டிவ் சன்' (1940) என்ற கோப நாவலை எழுதியவர். பிரான்சில் நோயோடு கிடந்த கடைசிக் காலத்தில் சுமார் 4,000 ஹைக்கூ எழுதினார். 1960இல் இறந்தார். அவரே தேர்ந்தெடுத்த 817 கவிதைகள் 1998இல்தான் புத்தகமாயின. வெள்ளை நிலவுடைமை பறித்த மண்ணையும் மழையையும் அவர் எழுத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

போடிமெட்டுப் பனியை ஜீப்புக்குள் இருப்பவளும்தான் பார்க்கிறாள். அழகு என்று அவளுக்கும் தெரியும். அடுத்த மழைக்கு அட்டை காலில் ஏறும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே மூன்று வரியில் வைக்க முடியும். ஏலத்தோட்டத்து வீடுகளில் படித்து வந்த பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். எழுதட்டும். இந்த இதழ் அச்சேற்றட்டும்.