நிக்கான் எஃப்எம்2, டி750: மலைச்சாலையில் பிலிமும் டிஜிட்டலும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலை எந்தக் கேமராவுக்கும் கடினமான தேர்வுதான். அடிவாரத்தில் கண்கூசும் வெயில். ஏற ஏற, இருண்ட மரநிழலும் வெள்ளை மேகமும் ஒரே படத்துக்குள் வந்து நிற்கும்.

1982-இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 பிலிம் கேமராவையும், 2014-இல் வந்த டி750 டிஜிட்டல் கேமராவையும் இந்தச் சாலையில் சேர்த்துப் பயன்படுத்தினேன். இரண்டிலும் அதே பழைய 50 மி.மீ. மேனுவல் லென்ஸ். படம் விழும் பரப்பும் ஏறக்குறைய ஒன்றே: 36×24 மி.மீ. ஷட்டரின் உச்ச வேகமும் இரண்டிலும் 1/4000 நொடி. எனவே பிலிமையும் சென்சாரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது.

முதலில் வழியிலுள்ள டம் டம் பாறையிலிருந்து எலிவால் அருவியை எடுத்தேன். கொஞ்சம் ஒளி கூடினாலும் டி750-இல் மேகம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்க்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றிய நீர் தங்காததுபோல, எல்லை தாண்டிய ஒளி பதிவாவதில்லை. எஃப்எம்2-இல் போட்ட கலர் நெகட்டிவ் பிலிமிலோ பெரிதும் சிறிதுமாக வெள்ளி உப்புத் துகள்கள் உள்ளன. பெரியவை சிறிதளவு ஒளிக்கே வசப்படும். சிறியவற்றுக்கு நிறைய ஒளி வேண்டும். அதனால் மேகத்தின் மடிப்புகள் பிலிமில் அழியாமல் நிற்கின்றன.

நிழலில் நிலைமை தலைகீழ். டி750-இன் ரா கோப்பில் (சென்சாரின் பதப்படுத்தாத பதிவில்) இருண்ட பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கினால் இலையும் பாசியும் தெளிந்து வருகின்றன. பிலிமில் அங்கே சொரசொரப்புதான் மிஞ்சுகிறது. இரவில் வத்தலக்குண்டு கடைத்தெருவை ஐஎஸ்ஓ 6400-இல் டி750 கையில் பிடித்தபடியே எடுத்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு ஸ்டாண்டு வேண்டும்.

செலவிலும் டிஜிட்டலே முந்துகிறது. ஒரு ரோலில் 36 படம்தான். பிலிம் விலை, கழுவும் கூலி, ஸ்கேன், வெளியூர் லேபுக்குக் கூரியர் எல்லாம் ஒவ்வொரு ரோலுக்கும் உண்டு. ஆனால் எஃப்எம்2-இன் பெரும் பலம், பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும் என்பது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே தேவை.

ஆயுளில் பிலிமின் பெருமைக்குச் சாட்சி அதே மலையில் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைத் தகடுகளிலும் பின்னர் பிலிமிலும் பதிவுசெய்து வந்தது. கவனமாகக் காத்த அந்தப் பதிவுகளை ஸ்கேன் செய்துதான், சூரியப்புள்ளிகளின் நூறாண்டு மாற்றங்களை இன்று ஆராய்கிறார்கள். புதிய படங்களை எடுப்பவையோ டிஜிட்டல் சென்சார்கள். இரண்டின் இடத்தையும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தீர்ப்பு: புதிதாக வாங்குபவர்கள் டிஜிட்டலையே வாங்குங்கள். மலையில் மேகத்துக்கு ஒளி அளந்து, ரா கோப்பாக எடுத்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். வீட்டில் பழைய பிலிம் கேமரா இருந்தால் நிழலுக்கு ஒளி அளந்து ஒரு ரோலாவது எடுங்கள். நெகட்டிவை மட்டும் ஈரம் படாமல் பத்திரப்படுத்துங்கள்.