டீ வேண்டாம் என்கிற விருந்தாளி

பத்தொன்பது வயதுப் பையனைக் கண்காணாத நாட்டுக்கு அனுப்பி, இரண்டு ஆண்டு வீடுவீடாக ஏறி இறங்கி மதம் சொல்லச் செய்கிற ஏற்பாட்டை எதை வைத்து எடைபோடுவது? ஞானஸ்நானக் கணக்கை வைத்து என்றால் இந்தியாவைப் பொறுத்தவரை வேலை சுலபம். அமெரிக்காவின் மார்மன் சபை 1851இல் கல்கத்தாவில் தொடங்கிய ஊழியம் ஐந்தே ஆண்டில் அறுந்துபோய், நூறாண்டுக்கும் மேல் கிடப்பில் கிடந்து, மறுபடி துளிர்த்து, இன்று நாடு முழுவதும் சுமார் பதினைந்தாயிரம் உறுப்பினர் என்ற அளவில் நிற்கிறது. திருவொற்றியூர் மாசித் தேருக்கு இதைவிடக் கூட்டம் வரும். எனவே அந்தக் கணக்கை விட்டுவிடுவோம். விடிந்து எழுவதிலிருந்து விளக்கணைப்பது வரை எழுதிவைத்த அந்த நாள் இருக்கிறதே, அது யாருக்கு என்ன செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

அந்த நாள் இப்படி. காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், வேத வாசிப்பு, ஜோடி சேர்த்துவிட்ட கூட்டாளியோடு சேர்ந்து படிப்பு, புது மொழி என்றால் மொழிப் பாடம். பத்து மணிவாக்கில் தெருவில் இருக்க வேண்டும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அறை. பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பெற்றோர் வைத்த பெயர் இரண்டு ஆண்டுக்குக் கிடையாது. ‘எல்டர்’ என்ற முன்னொட்டும் குடும்பப் பெயரும்தான். காதல் கூடாது, நீச்சல் கூடாது. கூட்டாளியின் கண்ணும் காதும் எட்டாத தூரத்துக்குப் போகக் கூடாது. துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வாரத்தில் ஒருநாள். வீட்டுக்கு வாராவாரம் போன் பேசலாம் என்ற சலுகையே 2019இல்தான் வந்தது; அதற்கு முன் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று ஆண்டுக்கு இரண்டு தரம். சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பம் என்றால் 2020 முதல் மாதம் 500 டாலர் தன் கையிலிருந்து கட்டுகிறது.

இதைக் கேட்டு அமெரிக்கப் பத்திரிகையாளர் சிலர் சிறை என்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்ற நியாயமில்லை. கார்த்திகை பிறந்தால் நம் தெருவிலேயே வெல்டரும் ஆட்டோக்காரரும் மாலை போட்டு, பெயரைத் துறந்து ‘சாமி’ ஆகி, விடியலில் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தரையில் படுக்கிறார்கள். உடையும் விதியும் பெயர் மாற்றமும் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது நமக்குப் பழகிய விஷயம். நேற்றுவரை குடித்துவிட்டுச் சண்டை போட்டவன் 41 நாள் ஒரு கெட்ட வார்த்தை பேசுவதில்லை. மார்மன் இளைஞனின் இரண்டு ஆண்டையும் இந்த வகையில் வைத்துப் பார்த்தால் அது தேர்ந்த விரதம், பயனும் உண்டு. முகம் தெரியாதவரிடம் பேசவும், மறுப்பைத் தாங்கவும், பிடிக்காத கூட்டாளியோடு ஒரே அறையில் வாழவும் பத்தொன்பது வயதில் கற்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் மாலை போட்டவர் தன் வீட்டில்தான் இருக்கிறார். யாருடைய கதவையும் தட்டுவதில்லை. மார்மன் விரதமோ பிறர் வாசலில் நடக்கிறது. அந்த வாசல் என்ன பாடுபடுகிறது?

வடசென்னையின் காலடிப்பேட்டையை வைத்துச் சோதிப்போம். 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ நிலையத்தில் இறங்கி, டி.எச். ரோட்டிலிருந்து உட்சந்துக்குள் இரண்டு பையன்கள் பத்தரை மணிக்கு நுழைகிறார்கள் என்று கொள்வோம். அந்த நேரத்தில் ஆண்கள் துறைமுகத்திலோ மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலையிலோ இருப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் விழித்திருப்பது பெண்கள். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் எல்டர்கள் போகக் கூடாது என்பது விதி, நல்ல விதிதான். ஆக, பகலில் பாதி வீடு அவர்களுக்கு இல்லை.

மாலையில் வீட்டுக்காரர் இருப்பார். “அல்லேலூயா ஆளுங்களாப்பா?” என்று கேட்பார். தெருவுக்கு ஒரு பெந்தெகொஸ்தே சபை, ராயபுரத்தில் மீனவக் கத்தோலிக்கரின் பழைய பேதுரு கோயில் என்று பைபிளோடு வளர்ந்த பகுதி இது. ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. கதவும் அடைபடாது. “உட்காருங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க, ரெண்டு டீ சொல்றேன்” என்பார். ஏற்பாடு இங்கேதான் தடுக்கி விழுகிறது. மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் அறிவித்த உடல்நல விதிப்படி டீயும் கூடாது, காபியும் கூடாது. பையன் பணிவாக மறுக்கிறான். மோர், நன்னாரி சர்பத், கலர் என்று வேறு வழி இல்லாமல் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாலும் பெரிய மனது உள்ளவர் ஏற்றுக்கொள்வார். ஆனாலும் வடசென்னையில் வீட்டு டீ என்பது பேச்சுக்கு முன் வைக்கிற முதல் சொல். அதைத் தள்ளிவிட்டுத் தன் சொல்லை மட்டும் கேட்கச் சொல்பவன் விருந்தாளியா, விற்பனையாளனா என்ற சந்தேகம் வரும். வீட்டுக்காரர் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். “சரி தம்பி, பார்க்கலாம்” என்பார். அது மறுப்பு என்று புரிய வெளியூர்ப் பையனுக்கு ஆறு மாதம் ஆகும். புரிகிற நேரத்தில் அவன் வேறு ஊரில் இருப்பான்.

மார்மன்கள் இந்தக் கடற்கரைக்குப் புதியவர்கள் அல்ல. சால்ட் லேக் நகரில் 1849இல் அந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், சக ஊழியர் ராபர்ட் ஸ்கெல்டனோடு 1853 ஜூலையில் சென்னைக்கு வந்தார். இளைஞர் அல்ல, வயது முப்பத்தாறை நெருங்கிக்கொண்டிருந்தது, மனைவி மக்களை விட்டு வந்தவர். கையில் காசில்லாமல், கேட்பவர் போடும் சோற்றை நம்பித்தான் அந்தக் கால ஊழியம் நடந்தது. துண்டுப் பிரசுரங்களோடு 1854இல் ‘மில்லெனியல் ஸ்டார் அண்ட் மன்த்லி விசிட்டர்’ என்ற இதழையே சென்னையில் அச்சிட்டார். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேசியதும் எழுதியதும் ஆங்கிலம். எதிர்பார்த்த செவிகள் வெள்ளைச் சிப்பாய்களுடையவை, கம்பெனி ஊழியர்களுடையவை, யூரேசியர்களுடையவை. அவரை அனுப்பிய அதே 1852 ஆகஸ்ட் மாநாடு பலதார மணத்தையும் பகிரங்கமாக அறிவித்துவிட்டதால், பாதிரிமார்களுக்கு எதிர்ப்பிரசுரம் எழுத வேறு விஷயம் தேவைப்படவில்லை. புனேயில் இன்னொரு மார்மன் ஊழியரான ஹியூ ஃபின்ட்லேயைப் படைப்பாளையத்துக்குள்ளேயே விடவில்லை. ஓராண்டில் பாலன்டைன் கப்பலேறினார். 1856க்குள் கடை முழுதாக மூடப்பட்டது. இவர்களைப் பற்றி ஆர். லேனியர் பிரிட்ஷ் எழுதிய நூலின் தலைப்பே வீரத்தைப் புகழ்வது. வீரம் உண்மைதான். ஆனால் தெருவின் மொழியைத் தொடாத வீரம் அது. தெருவும் அதைத் தொடவில்லை.

ஒப்பிட இன்னொரு பத்தொன்பது வயதுப் பையன் நம்மிடம் உண்டு. 1839இல் சென்னைக்கு வந்த ஜி.யு. போப். கப்பலேறும் முன்பே தமிழ் படிக்கத் தொடங்கியவர். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று ஒரு வாழ்நாளை இங்கே செலவழித்து, 1886இல் திருக்குறளையும் 1900இல், எண்பது வயதில், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். மதம் மாற்ற வந்தவரை மாணிக்கவாசகர் மாற்றிவிட்டார் என்று மேடையில் சொல்வது நமக்கு இனிக்கும். அது மிகை, கடைசிவரை அவர் ஆங்கிலிக்கப் பாதிரியார்தான். கையில் பிரம்போடு கடுமை காட்டிய ஆசிரியர், பலரோடு முட்டிக்கொண்டவர். அவருக்குப் பின்னால் கம்பெனிக் கொடியும் பறந்தது. இன்றைய எல்டர் பையனுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. யாரையும் மிரட்ட அவனால் முடியாது. இந்த வகையில் அவன் போப்பைவிடத் தூய்மையான விருந்தாளி என்றே சொல்வேன். ஆனால் போப்பிடம் ஊர் சில கேள்விகள் கேட்டது, அவர் பதில் தேடினார். எல்டரிடம் கேள்வி கேட்க ஊருக்கு அவகாசமே இல்லை.

(காலடிப்பேட்டை நினைவில் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் பாதிரியார்கூட இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், துணி வணிகத்துக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டைதான் இது. அவரிடம் வேலை பார்த்த பெருமாள் பக்தருக்காகவே இங்குள்ள கல்யாண வரதராஜர் கோயில் எழுந்தது என்பது ஊர்க்கதை. மாற்ற வராதவனுக்கு ஊர் தன் பெயரையே கொடுத்திருக்கிறது.)

மார்மன் தரப்பில் ஒரு வாதம் உண்டு, வலுவானதுதான்: இன்று இந்தியாவில் ஊழியம் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தியர்களே. சுற்றுலா விசாவில் மதப் பிரசாரம் கூடாது. மிஷனரி விசா கிடைப்பது கடினம். மதத்தைப் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாடு இது. தமிழ்நாட்டிலேயே 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே காலடிப்பேட்டைக்கு வரும் எல்டர் யூட்டாவைவிட ராஜமந்திரியைச் சேர்ந்தவனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டீயை எப்படி மறுத்தால் மனம் நோகாது என்று அவனுக்குத் தெரியும். “பார்க்கலாம்” என்றால் என்னவென்றும் தெரியும். வெளிநாட்டுப் பையனிடம் நான் கண்ட குறைகளில் பாதி இவனிடம் இல்லை. 1965இல் ஞானஸ்நானம் பெற்ற கோவை பால் திருத்துவதாஸ், தெருவில் வந்த எந்த எல்டரும் இல்லாமல், கையில் கிடைத்த ஒரு பிரசுரத்தைப் படித்துத் தானே கடிதம் எழுதியவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

என்றாலும் மீதிக் குறை அப்படியே நிற்கிறது. இடமாற்றம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படுகிறது. ஒருவன் ஒரு பகுதியில் சில மாதம் இருந்தால் அதிகம். இரண்டு ஆண்டில் நான்கைந்து ஊர், ஏழெட்டுக் கூட்டாளி. யார் வீட்டில் யாருக்குக் கடன், யார் பிள்ளைக்குப் பரீட்சை, கடல் அரித்த வீடு யாருடையது என்று தெரியத் தொடங்கும்போது பெட்டி கட்டச் சொல்கிறார்கள். ஊர்மேல் பற்று வளர்ந்தால் விரதம் கலையும் என்பது இதன் உள்நியாயமாக இருக்கலாம். துறவிகளுக்கு நம் மரபிலும் அந்த விதி உண்டு. ஆனால் துறவி வாசலில் சோறு கேட்பான், தன் சபையில் சேரச் சொல்லிக் கேட்க மாட்டான். ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை, உறவை, சுடுகாட்டு உரிமையைக்கூட மாற்றிக்கொள்ளச் சொல்பவன் அதன் விளைவைப் பார்க்க அந்தத் தெருவில் இருக்க வேண்டும். இவன் இருக்க மாட்டான். இருக்கக் கூடாது என்பதே விதி.

எனவே என் முடிவு: பையனை வளர்க்கிற பயிற்சியாக இது முதல் தரம். ஊரோடு நடக்கிற உரையாடலாகத் தேறவில்லை. பையனின் குணத்தால் அல்ல, இடமாற்ற அட்டவணையால். டீ விதியை ஊர் மன்னித்துவிடும், ஏற்கெனவே சர்பத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கும். அட்டவணையைச் சால்ட் லேக் தலைமைதான் மாற்ற வேண்டும்: இரண்டு ஆண்டும் ஒரே ஊர், அந்த ஊரின் மொழி, மூன்றாம் ஆண்டு அதே வீடுகளுக்கு ஒருமுறை திரும்பி வர அனுமதி.