79-78: இருபத்தாறு ஆண்டு காத்திருந்த ஆட்டம்

ஷோஹோக்கு 79, சன்னோ 78. ஒரே புள்ளி. இந்த முடிவு 1996-லேயே அச்சில் வந்துவிட்டது. இனோவே தகேஹிகோவின் ‘ஸ்லாம் டங்க்’ கூடைப்பந்து மங்காவைப் படித்த ஒவ்வொருவருக்கும் கடைசி நிமிடம் கட்டம் கட்டமாக மனப்பாடம். அப்படியிருந்தும் 2022 டிசம்பரில் ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ திரைப்படமாக வந்தபோது, யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்த ஆட்டத்தை நெஞ்சு படபடக்கப் பார்த்தோம். ஒரு விளையாட்டுக் கதைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

மங்காவை வைத்து வந்த தொலைக்காட்சித் தொடர் 1993 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில், 101-வது அத்தியாயத்தோடு நின்றது. நின்ற இடம்தான் கொடுமை. கைனான் அணியிடம் நூலிழையில் தோற்று, ரியோனான் அணியை வென்று, தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற ஷோஹோக்கு அணி ஊரைவிட்டுக் கிளம்புகிறது. அத்தோடு சரி. டோயோட்டமாவுடனான முதல் சுற்றும் இல்லை. நடப்பு சாம்பியன் சன்னோவுடன் மோதும் இரண்டாம் சுற்றும் இல்லை. மங்காவில் அந்த இரண்டாம் சுற்றுதான் உச்சம். தொடரை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அரையிறுதி வரை காட்டிவிட்டு இறுதி ஆட்டத்தை மறைத்ததுபோல் ஆயிற்று. ஷோஹோக்கு வீரர்களான அகாகியின் ரீபவுண்டையும் மிட்சுயின் மூன்று புள்ளி வீச்சையும் அந்தப் பெரிய ஆட்டத்தில், அசையும் படமாகப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் இருபத்தாறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

அந்த ஏக்கத்தோடு போய் உட்கார்ந்தவர்களுக்கு இனோவே கொடுத்தது வேறொரு ஆட்டம். கதையும் இயக்கமும் அவரே. நாங்கள் காத்திருந்தது மங்காவின் நாயகன், செந்தலையன் ஹனமிச்சி சகுராகிக்காக. படம் தொடங்குவதோ ஒகினாவாவில், கடலில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு சிறுவனிடம். 7-ம் எண் சட்டை, 168 செ.மீ. உயரம், பாயிண்ட் கார்டு ரியோட்டா மியாகி. தொடரில் அவனுக்கென்று ஒரு வீடு இருப்பதாகக்கூட நாம் யோசித்ததில்லை. போதாததற்கு, வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்புதான் ஷோஹோக்கு வீரர்கள் ஐந்து பேரின் குரல்களும் மாறிவிட்டன என்று அறிவித்தார்கள். பழைய குரல்களிலேயே அவர்களை நேசித்தவர்களுக்கு அது வலித்தது. எனக்கும் வலித்தது. தன் கதை முடிகிறபோது பழக்கமான குரல் கூட இருக்க வேண்டும் என்று ரசிகன் நினைப்பதில் தவறில்லை.

ஆனால் ஆட்டத்தை ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தால், மியாகியை நடுவில் நிறுத்தியது முற்றிலும் சரி. முதல் பாதி முடிவில் 36-34 என ஷோஹோக்கு முன்னிலை. இரண்டாம் பாதி தொடங்கியதும் சன்னோ தன் சோன் பிரஸ்ஸை மைதானம் முழுக்க விரிக்கிறது. கூடை போட்டதும் திரும்பி ஓடித் தங்கள் கூடையைக் காப்பது வழக்கமான தடுப்பு. பிரஸ்ஸில் யாரும் திரும்புவதில்லை. பந்து உள்ளே வரும் இடத்திலேயே, வாங்கியவனை இருவர் சேர்ந்து எல்லைக்கோட்டோரம் அடைக்கிறார்கள். மற்றவர்கள் பாஸ் போகக்கூடிய தடங்களில் நிற்கிறார்கள். நொடிகள் ஓடுகின்றன, நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பதறி எறிந்த பந்து எதிராளி கையில் விழுகிறது, கூடையோ பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது புள்ளிகளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிடுகிறது. சகுராகி எவ்வளவு உயரம் குதித்தாலும், அவன் அணித்தோழன் ருகாவா எவ்வளவு துல்லியமாக எறிந்தாலும் பயனில்லை. பந்து அவர்களிடம் வந்து சேர்ந்தால்தானே?

அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் மியாகி. அவனை மறிக்கும் சன்னோ வீரன் ஃபுகாட்சுவுக்கு 180 செ.மீ. உயரம். ஷோஹோக்குவின் பயிற்சியாளர் அன்ஸாய் பொறுப்பை அந்தக் குட்டையன் தோளில் வைக்கிறார். இங்கே உயரக்குறைவே ஆயுதம். தரைக்கும் கைக்கும் இடையே பந்து போய்வரும் தூரம் குறைவு, அதனால் அது கையை விட்டு விலகியிருக்கும் நேரமும் குறைவு. அதைப் பறிக்க உயரமானவன் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனிந்த கணத்தில் அவன் கால் தரையில் ஊன்றிவிடுகிறது. இருவர் அடைத்த வாசலில், முழங்காலுக்கும் கீழே பந்தைத் தட்டியபடி மியாகி நுழைந்து வெளிவரும் அந்தச் சில நொடிகளுக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம். 10-ஃபீட் குழுவின் பாடல் அங்கே எழும்போது என் கண்கள் நிறைந்துவிட்டன.

இன்னொரு லாபம் வேகம். தொலைக்காட்சித் தொடரில் எறிந்த பந்து காற்றில் நிற்கும். அதற்குள் நாலு பேர் மனதுக்குள் பேசி முடிப்பார்கள். அதையும் ரசித்தவன்தான் நான். படத்தில் பந்து யாருக்காகவும் நிற்பதில்லை. உண்மையான வீரர்களின் அசைவுகளைப் பதிவுசெய்து வரைந்ததால், தோள் இடிப்பதும் ரீபவுண்டுக்கு இடம்பிடிக்க முதுகால் முட்டுவதும் உடம்பில் உறைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஷோஹோக்கு எட்டிப்பிடிக்கும் நேரத்தில் கதை பழைய நினைவுகளுக்குத் தாவுவது ஓரிரு இடங்களில் ஓட்டத்தை அறுக்கிறது. இந்த ஆட்டத்தில் முதுகில் காயம்பட்ட பிறகும் சகுராகி ஆடுவது எவ்வளவு பெரிய பணயம் என்பது, கூடைப்பந்தே தெரியாமல் அணியில் சேர்ந்த அவனுடைய அந்த நாலு மாதங்களைக் கூடவே வாழ்ந்தவர்களுக்குத்தான் முழுதாக உறைக்கும். புதிதாக வந்தவருக்கு அவன் ஒரு முரட்டுக் குதிப்பன் மட்டும்.

கடைசி நொடிகளில் அந்தக் குறையும் கரைந்துவிட்டது. சன்னோ வீரன் சவகிட்டா போட்ட கூடையில் அந்த அணி 78-77 என முன்னிலை. ருகாவா ஒற்றையாக ஊடுருவுகிறான். இருவர் எழும்பி மறிக்கிறார்கள். யாருக்கும் பாஸ் கொடுக்காதவன் என்று பெயரெடுத்த அவன், வலது பக்கம் காத்து நின்ற சகுராகிக்குப் பந்தைக் கொடுக்கிறான். சகுராகி எழுந்து ஜம்ப் ஷாட் எறிகிறான். டங்க் அடிப்பதையே கனவாக வைத்திருந்தவன், தேசியப் போட்டிக்கு முன் 20,000 முறை எறிந்து பழகிய அந்தச் சாதாரண வீச்சைத் தேர்ந்தெடுக்கிறான். அவன் உதடு அசைகிறது. அரங்கில் சத்தமே இல்லை. என்ன சொல்கிறான் என்று மங்காவைப் படித்த நமக்குத் தெரியும். நாமே மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம். மங்காவில் அந்தப் பக்கங்களில் வசனம் கிட்டத்தட்ட இல்லை. அந்த மௌனத்தைத் திரையிலும் காப்பாற்றிய துணிச்சல், படைத்தவனே இயக்கியதால் வந்தது என்று நம்புகிறேன்.

2023 ஆகஸ்ட் 27. படம் ஜப்பானில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஒகினாவாவில் கூடைப்பந்து உலகக் கோப்பை. பின்தங்கியிருந்த ஜப்பான் எழுந்து பின்லாந்தை 98-88 என வீழ்த்தியது. 25 புள்ளிகள் எடுத்தவர் 172 செ.மீ. உயரமுள்ள பாயிண்ட் கார்டு கவமுரா யூகி. அந்தத் தொடரின் முடிவில் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் ஜப்பானுக்குக் கிடைத்தது. உயரமான தடுப்பாளர்களுக்கிடையே அவர் புகுந்து வருவதைப் பார்த்தபோது, திரையில் பார்த்ததை மிகையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படம் முடிந்த பிறகு வந்தது மகிழ்ச்சியோடு கலந்த ஒரு வெறுமை. காத்திருக்க ஒரு ஆட்டம் இருந்தவரை ஷோஹோக்குவின் கோடைக்காலம் முடியாமலே இருந்தது. மங்காவில் இந்த வெற்றிக்கு அடுத்த ஆட்டத்திலேயே அவர்கள் படுதோல்வி அடைவார்கள். படம் அதற்குள் போகாமல், அமெரிக்காவில் மியாகியும் சவகிட்டாவும் எதிரெதிரே நிற்பதில் முடிகிறது. எனக்கு அந்தத் தோல்வியும் வேண்டும். டோயோட்டமா ஆட்டமும் பாக்கி இருக்கிறது. முழங்கை பட்டு வீங்கிய ஒற்றைக் கண்ணோடு ருகாவா ஆடும் ஆட்டம் அது. இனோவே மனது வைத்தால், இன்னொரு இருபத்தாறு ஆண்டு ஆனாலும் டிக்கெட் எடுக்க நான் வரிசையில் நிற்பேன்.