முறையீட்டின் உருவம்: பிரியா தெண்டுல்கரும் தொலைக்காட்சி நடிகை செயற்பாட்டாளராதலும்

தொலைக்காட்சி நடிகை ஒருவர் சமூகச் செயற்பாட்டாளராக ‘மாறினார்’ என்று எழுதுவது வழக்கம். முன்னது பொய், பின்னது மெய் என்றும், ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்கு அவர் வந்தார் என்றும் அவ்வினை நம்மைக் கருதவைக்கிறது. இந்தித் தொலைக்காட்சியின் முதல் பெரும் நட்சத்திரங்களுள் ஒருவரான பிரியா தெண்டுல்கரின் (1954–2002) வாழ்க்கை இக்கருத்துக்கு இடந்தருவதில்லை. அவர் ஏற்ற பாத்திரமே அவரைச் செயற்பாட்டாளர் ஆக்கியது. பார்வையாளர்கள் அவரிடம் கொண்டுவந்த முறையீடுகள் அவரை அவ்விடத்திலேயே நிறுத்திவைத்தன. அம்முறையீட்டின் உருவம் யாது, அது யாருக்கு உரியதாயிற்று, யாரை வெளியே நிறுத்தியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்த் தொலைக்காட்சியின் பிற்கால நிகழ்ச்சிகளையும் காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்பகுதியின் அண்மைக்கால நிகழ்வுகளையும் இவ்வினாவிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பது என் எண்ணம்.

இல்லத்தரசியின் வழக்குரை

பாசு சட்டர்ஜி இயக்கிய ‘ரஜனி’ தொடர் 1985இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. (தமிழ்நாட்டில் அப்பெயர் யாரை நினைவூட்டும் என்பது வேறு செய்தி.) 1982இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தபின், இந்தி அறியாத நம் வீடுகளிலும் தேசிய நிகழ்ச்சிகள் காட்டப்பட்ட காலம் அது. மொழி புரியாமையால் எழுந்த சலிப்பு ஒருபுறம் இருந்தது. ஆயினும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலுவலக மேசையின் முன் நின்று வாதிடும் பெண்ணைப் புரிந்துகொள்ள மொழி பெரிதும் தேவைப்படவில்லை.

ரஜனி நடுத்தர வர்க்க இல்லத்தரசி. எரிவாயு உருளை, டாக்சி, அலுவலகத்தின் அலட்சியம் என அன்றாட வாழ்வின் சிறு முறைகேடுகளே அவளுடைய களம். பெரிய அரசியல் அவளுக்கு இல்லை. விதி இவ்வாறிருக்க நீ ஏன் அவ்வாறு செய்யவில்லை என்பதே அவளுடைய ஓயாத கேள்வி. டாக்சி ஓட்டுநரின் நடத்தையைக் காட்டிய இயல் ஒளிபரப்பானதும், பம்பாயில் டாக்சி ஓட்டுநர்கள் தூர்தர்ஷன் நிலையத்துக்குத் திரண்டு சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். புனைவுப் பாத்திரத்தை எதிர்த்து உண்மைத் தொழிலாளர் ஊர்வலம் போன நிகழ்வு, தொடரின் ஆற்றலுக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதனை மறுமுனையிலிருந்தும் படிக்க வேண்டும். ரஜனியின் கேள்விக்கு முதலில் ஆளாகுபவர் உருளை கொண்டுவருபவர், வண்டி ஓட்டுபவர், எழுத்தர் ஆகியோர். சேவையின் கடைசிப் படியில் நிற்பவர்கள். நுகர்வோரின் சினம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்மீதே விழுகிறது.

தமிழ் மரபில் முறையிடும் பெண்ணுக்கு முன்மாதிரி சிலப்பதிகாரத்து வழக்குரை காதை. கண்ணகி வாயிலோனைத் தாண்டி நேரே மன்னனிடம் செல்கிறாள். தன் ஊரையும் குடியையும் கூறி, சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள். வாயிலோன் அவளுக்குப் பகைவன் அல்லன். செய்தியைக் கொண்டுசெல்பவன் மட்டுமே. ரஜனியும் சான்றையே நம்புகிறாள், அவளும் அஞ்சாதவள். ஆனால் அவளுடைய நாடகம் பெரிதும் வாயிலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இவ்வொப்பீடு காப்பியத்தை உயர்த்தித் தொடரைத் தாழ்த்தும் நோக்குடையது அன்று. முறையீடு எந்த வாயில்வரை செல்லலாம் என்பதை ஒரு காலத்தின் ஊடகம் எவ்வாறு வரையறுக்கிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அத்தொடர் அரசின் அலைவரிசையில் வந்தது என்பதையும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அடுத்த ஆண்டே (1986) இயற்றப்பட்டது என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. இரண்டும் ஒரே குடிமகளை, அதாவது பணம் கொடுத்தவளை, மனத்திற்கொண்டவை.

அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு ஷியாம் பெனகலின் ‘அங்குர்’ (1974) படத்தில் பிரியா ஏற்ற பாத்திரத்தை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். நிலவுடைமையாளனின் இளம் மனைவி சரு அவர். கணவன் வீட்டுக்கு வந்ததும், அங்கு வேலைசெய்யும் தலித் பெண் லட்சுமியை அவள் விலக்குகிறாள். ஷபானா ஆஸ்மியின் லட்சுமியைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குச் சருவைப் பற்றி எழுதப்படவில்லை. வீட்டின் ஒழுங்கைக் காக்கும் இல்லத்தரசி உழைக்கும் பெண்ணை வாசலுக்கு வெளியே அனுப்பும் அக்காட்சி, ரஜனியின் எல்லையை முன்கூட்டியே வரைந்துவைத்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

இதனால் ரஜனியை ஏளனமாக ஒதுக்கிவிடுவது எளிது, அது நேர்மையன்று. குடும்பத்துக்குள் அழுவதற்கோ பொறுப்பதற்கோ மட்டுமே பெண் பாத்திரங்கள் பெரிதும் பயன்பட்ட திரையில், வீட்டுக்கு வெளியே சென்று கேள்வி கேட்பது ஒரு பெண்ணின் இயல்பாகவே காட்டப்பட்டது சிறிய செயலன்று. பிரியா வரவேற்பாளராகவும் விமானப் பணிப்பெண்ணாகவும் விளம்பர மாதிரியாகவும் செய்தி வாசிப்பவராகவும் பணிசெய்தவர். மராத்தியில் சிறுகதைகள் எழுதியவர். புன்னகையும் பணிவும் ஊதியத்தின் பகுதியாகிவிட்ட வேலைகளை அறிந்த ஒருவர், புன்னகைக்காமல் கேள்வி கேட்கும் பாத்திரத்தில் பெற்ற வெற்றியைத் தற்செயல் என்று கருத முடியவில்லை.

நீதிமன்றமாகும் அரங்கு

1990களில் பிரியா தம் பெயரிலேயே உரையாடல் நிகழ்ச்சி நடத்தினார். ரஜனியாகக் கேள்வி கேட்டவர் இப்போது ஒலிவாங்கியுடன் பிரியாவாகவே கேட்டார். பாத்திரத்துக்கும் ஆளுக்கும் இடையே எஞ்சியிருந்த திரையும் விலகிற்று. ஆனால் முறையிடும் பெண் முறையீட்டை விசாரிக்கும் பெண்ணாக இடம்மாறினாள் என்பதே இங்கு நிகழ்ந்த பெரிய மாற்றம்.

இம்மாற்றத்தின் ஆபத்தை அவருடைய தந்தை விஜய் தெண்டுல்கர் முன்பே நாடகமாக்கியிருந்தார். 1967இல் மேடையேறிய ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’யில் நாடகக் குழுவினர் பொழுதுபோக்காகப் போலி வழக்கு ஒன்றை நடத்துகின்றனர். குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்ட ஆசிரியை பேணாரேயின் சொந்த வாழ்க்கை மெல்ல மெல்ல வழக்குப் பொருளாகிவிடுகிறது. விளையாட்டு என்று தொடங்கியது தீர்ப்பில் முடிகிறது. பின்னர், எல்லாம் விளையாட்டுத்தானே என்று அவளைத் தேற்றவும் செய்கின்றனர். ‘கமலா’வில் (1981) ஒரு பத்திரிகையாளன், பெண் விற்பனையை மெய்ப்பிக்கப் பெண்ணொருத்தியை விலைக்கு வாங்கிச் செய்தியாளர் முன் நிறுத்துகிறான். அவன் வெளிக்கொணர்வது உண்மையே; ஆயினும் அவ்வுண்மையால் அவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

தமிழில் இவ்வடிவம் முழு வளர்ச்சி பெற்றது ஜீ தமிழின் ‘சொல்வதெல்லாம் உண்மை’யில். 2011இல் தொடங்கிய அந்நிகழ்ச்சியை முதலில் செய்தி வாசிப்பாளர் நிர்மலா பெரியசாமியும், பின்னர் நடிகையும் இயக்குநருமான லட்சுமி ராமகிருஷ்ணனும் நடத்தினர். உழைக்கும் குடும்பங்களின் மண வாழ்க்கை, பிரிவு, ஐயம் யாவும் அங்கு விசாரிக்கப்பட்டன. நெறியாளர் உண்மையான அக்கறையோடு பேசிய தருணங்கள் உண்டு. சில பெண்களுக்கு அது உதவியும் இருக்கலாம். ஆயினும் காவல் நிலையமும் குடும்ப நீதிமன்றமும் கைவிட்டவர்கள் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தனர் என்றால், அவர்கள் கொடுத்த கட்டணம் தம் மானம். நெறியாளரின் ஒரு வாக்கியம் ஊரெங்கும் நகைப்புக்குரியதாகித் திரைப்பாடலும் ஆயிற்று. அழுதவர்களை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. போலி நீதிமன்றத்தை உண்மை நீதிமன்றம் தடுத்த அக்காட்சியைத் தெண்டுல்கர் எழுதியிருந்தால் மிகையென்று கூறியிருப்போம்.

1995இல் தொடங்கிய ‘ஹம் பாஞ்ச்’ நகைச்சுவைத் தொடரில் பிரியா இறந்துபோன முதல் மனைவியாக, சுவரில் மாட்டிய படச்சட்டத்துக்குள்ளிருந்து கணவனோடு வாதிட்டார். அதனைத் தயாரித்த பாலாஜி டெலிபிலிம்ஸ்தான் 2000க்குப் பின் மாமியார் – மருமகள் தொடர்களால் இந்தித் தொலைக்காட்சியை ஆண்டது. வீதிக்கு வந்து வாதிட்ட பெண் சட்டத்துக்குள் அடைபட, வீடு மீண்டும் பெண்களின் முழு உலகாயிற்று. தமிழிலும் ‘சித்தி’ (1999) முதலாகத் தொடர்களின் வலிமைமிக்க பெண், குடும்பத்தைக் காப்பதிலேயே தன் வலிமையைச் செலவிடுகிறாள். பிரியா 2002 செப்டம்பர் 19 அன்று தம் 47ஆம் வயதில் மறைந்தார்.

பணியிடம் என்னும் களம்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் வேலைநேர மாற்றத்தின்போது நிறுவனப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும். அவற்றிலும், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதிகளின் ஆலைப் பேருந்துகளிலும் பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியுள்ள இளம்பெண்கள் மிகுதி. 2021 டிசம்பரில், பூந்தமல்லியில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைத் தொடர்ந்து, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அவர்கள் கேட்டது உணவு, உறைவிடம், உடன் பணிபுரிந்த தோழியரின் நிலை பற்றிய செய்தி. ரஜனியின் முறையீட்டில் இவற்றுக்கு இடமில்லை. ரஜனி விலை கொடுத்தவள், இவர்கள் உழைப்பை விற்றவர்கள். ரஜனி ஒருத்தியாக நின்று வெல்கிறாள், ஒருத்தியாக நின்றால் இவர்களுக்கு வேலை போகும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டம்கூட மனுவைத் தனியாளின் கையிலிருந்தே பெறுகிறது. அன்றைய வேலையை விட்டுவிட்டு வர இயன்றவர்க்கே அது பயன்படும்.

நடிகை செயற்பாட்டாளராதல் என்னும் நிகழ்வும் இதே திசையில் நகர்ந்திருக்கிறது. 2018இல் சின்மயி எழுப்பிய பாலியல் புகாரும், அதன் பின் அவர் பின்னணிக் குரல் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டதும் பணியிடம் பற்றிய வழக்கு. 2024 ஆகஸ்டில் கேரளத்தின் ஹேமா குழு அறிக்கை வெளியானபின், தென்னிந்திய நடிகர் சங்கத்தின் பாலியல் புகார் குழுவுக்கு ரோகிணி தலைமையேற்றார். குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கி, பிற நடிகைகளுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்தவர் அவர். குழந்தைக் கலைஞர்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுத்தவர். பிறர் உதட்டுக்குக் குரல் கொடுத்தவர் சக தொழிலாளர்களின் புகாரைக் கேட்கும் இடத்துக்கு வந்திருப்பதில், நடிகை முதன்முறையாகத் தன்னையும் தொழிலாளியாக எண்ணுகிறாள். பிரியாவின் தலைமுறையில் ரஜனியிடம் எல்லாரும் புகார் கொண்டுவந்தனர். ரஜனியாக நடித்தவரின் ஊதியமும் பணிநேரமும் யாருக்கும் பொருளாகவில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடந்தோறும் உள்ளகப் புகார் குழு வேண்டும். படப்பிடிப்புத் தளத்துக்கும் ஒரகடத்து ஆலைக்கும் பொருந்தும் ஒரே விதி அது. நான் பார்த்த அளவில், தமிழ்த் தொடர் எதிலும் அத்தகைய குழுவின் கூட்டம் ஒரு காட்சியாக அமைந்ததில்லை. விடுதிகளின் பொது அறையில் இரவுப் பணிக்குக் கிளம்புமுன் அத்தொடர்களைப் பார்ப்பவர்கள் அப்பெண்களே ஆதலின், அவர்கள் எதைப் பார்த்து எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பது களஆய்வாகச் செய்யப்பட வேண்டியது. பேருந்து கிளம்பும் நேரத்தை அறிந்தவர்களே அதைச் செய்ய இயலும்.